கமக்காரர் வீட்டிலே சிறு கணினிப் பலகை
வெப்பம், மழை, மண் ஈரம் ஆகியவற்றை வீட்டிலேயே அளந்து பதியும் முறை

வன்னி நிலத்திலே மழை பெய்யும் காலம் குறுகியது. பெய்யாத காலம் நீண்டது. ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே ஆண்டு மழையின் பெரும் பங்கு பெய்து விடுகின்றது. அம்மழையை நம்பியே பெரும்போகம் நடைபெறுகின்றது. அது குளங்களில் எவ்வளவு தேங்கியது என்பதைப் பொறுத்தே சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது தீர்மானிக்கப்படுகின்றது. ஆயினும் "இம்முறை உமது காணியில் எவ்வளவு மழை பெய்தது?" என்று ஒரு கமக்காரரைக் கேட்டால், "நல்ல மழை" என்றோ "போதாத மழை" என்றோ விடை வருமேயன்றி, ஓர் எண் விடையாக வருவது அரிது.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தாழ்ந்த வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. அன்றிரவு உங்கள் காணியில் எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்று இன்று உங்களாற் சொல்ல முடியுமா? அந்த எண்ணும், அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளின் எண்களும் உங்கள் கையில் இருந்தால், எந்த வரம்பை உயர்த்துவது, எந்தத் துண்டில் எப்போது விதைப்பது என்பவற்றை ஊகத்தினாலன்றி அறிவினால் தீர்மானிக்கலாம்.

இவ்வளவைகளை எடுப்பதற்கு இக்காலத்தில் மலிவான ஒரு கருவி உண்டு. அதுவே சிறு கணினிப் பலகையாகும். பாடசாலையில் கணினி கற்கும் உங்கள் பிள்ளைகள் இதனைப் பொழுதுபோக்காக வீட்டிலேயே அமைக்கலாம். பிள்ளைக்கு அது விளையாட்டு. கமத்திற்கு அது உதவி. அமைக்கும் முறையையும் அதில் நேரக்கூடிய தவறுகளையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறும்.

சிறு கணினிப் பலகை என்பது யாது?

ஒரு கணினிக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்திருப்பின் அது ஒற்றைப் பலகைக் கணினி எனப்படும். இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது றாஸ்பெரி பை என்பதாகும். கணினி கற்க வரும் மாணவரிடம் செய்நிரல் எழுதும் பழக்கம் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்ரன் முதலியோர் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலே இதனை உருவாக்கினர். 2012ஆம் ஆண்டு பெப்புருவரி 29ஆம் திகதி 35 அமெரிக்க டொலர் விலையில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அளவில் அது ஓர் அடையாள அட்டையை ஒத்தது. தொலைக்காட்சித் திரை, விசைப்பலகை ஆகியவற்றை இணைத்தால் அது முழுக் கணினியாக இயங்கும்.

இரண்டாவது வகை நுண்கட்டுப்படுத்திப் பலகையாகும். 2005ஆம் ஆண்டளவில் இத்தாலியின் இவ்றேயா நகரில் மாணவருக்கென ஆக்கப்பட்ட ஆடுயினோவும், 2021ஆம் ஆண்டு சனவரியில் 4 டொலர் விலையில் வெளிவந்த றாஸ்பெரி பை பிக்கோவும் இவ்வகையின. இவற்றிலே திரையும் இல்லை. பணிசெயல் முறைமையும் இல்லை. நாம் எழுதிக் கொடுத்த ஒரே செய்நிரலை, மின் உள்ள வரையும் திரும்பத் திரும்பச் செய்து கொண்டிருக்கும்.

இவ்விரண்டின் வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதல் வகை கணக்கப்பிள்ளையைப் போன்றது. வீட்டினுள் இருந்து பல வேலைகளைச் செய்யும், பதிவுகளைக் காக்கும். இரண்டாம் வகை காவற்காரனைப் போன்றது. தோட்டத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும், மிகக் குறைந்த மின்னையே உண்ணும்.

இத்தகைய முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. இலங்கையில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டுகளிலே இவ்வாறான மலிவான பலகைகளைக் கொண்டு சிறு வானிலை நிலையங்களை அமைத்துப் பரீட்சித்தனர்.

முதற் பாடம்: வெப்பத்தை அளத்தல்

தொடங்குபவர் மிக எளிதானதையே முதலிற் செய்தல் வேண்டும். நீர் புகாத உலோக உறையினுள் அடைக்கப்பட்ட டி.எஸ். 18பி20 என்னும் வெப்ப உணரி ஒன்றைப் பெற்றுக்கொள்க. அதற்கு மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று 3.3 வோல்ற்று முனைக்கும், ஒன்று நிலமுனைக்கும், மற்றையது தரவு முனைக்கும் செல்லும். தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ற்றுக் கம்பிக்கும் இடையில் 4,700 ஓம் தடையி ஒன்றை இணைத்தல் அவசியம். இதனை மறந்தால் உணரி விடையளிக்காது. பலரும் முதலில் விடும் தவறு இதுவே.

செய்நிரலைப் பைதன் மொழியில் எழுதலாம். க.பொ.த. உயர்தரத்திற் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் இம்மொழியை அறிவர். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பத்தை வாசித்து, நேரத்துடன் பதியுமாறு எழுதினாற் போதும்.

கருவியை நம்புவதற்கு முன் அதனைச் சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் சேர்ந்த பாத்திரத்தில் உணரியை வைத்துக் கலக்கினால், அது 0 பாகை செல்சியசுக்கு அண்மையில் காட்டுதல் வேண்டும். அரைப் பாகை வரையான வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இனி இதன் பயன் யாதெனில், ஒரு நாட் கோழிக்குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 33 முதல் 35 பாகை வரையான வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்து வரலாம். மார்கழி மாதத்து மழை இரவில், விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டின் வெப்பம் எவ்வளவு இறங்குகின்றது என்பதை உறங்கும் மனிதர் அறியார், கருவி அறியும். எனினும் குஞ்சுகளையும் பாருங்கள். அவை விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர் மிகுதி. விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. கருவி ஒன்றையும் குஞ்சுகள் வேறொன்றையும் சொன்னால், குஞ்சுகளையே நம்புங்கள். உணரி வைத்த இடம் தவறாக இருத்தல் கூடும். உணரியைக் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் வைத்தலே முறை.

இரண்டாம் பாடம்: மழையை அளத்தல்

1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் நீராகும். ஓர் ஏக்கரில் அது 4,047 லீற்றர். இதனை மனத்தில் இருத்திக் கொண்டால் மழைக் கணக்கு முழுவதும் விளங்கும்.

கருவியின் அமைப்பு எளியது. 20 சென்றிமீற்றர் விட்டமுள்ள புனல் ஒன்றின் கீழே, ஊஞ்சற் பலகைபோல் நடுவில் தாங்கப்பட்ட இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் அது கவிழ்ந்து நீரை ஊற்றும். மற்றைக் கிண்ணம் புனலின் கீழ் வரும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் கிண்ணத்தில் ஒட்டிய சிறு காந்தம் ஒரு காந்த ஆளியைக் கடந்து செல்லும். ஆளி ஒருகணம் மூடித் திறக்கும். அதனைப் பலகை எண்ணிக் கொள்ளும்.

இவ்விட்டமுள்ள புனலின் வாய் 314 சதுர சென்றிமீற்றர் பரப்புடையது. ஆகவே 1 மில்லிமீற்றர் மழை அதில் 31.4 மில்லிலீற்றர் நீராகச் சேரும். கிண்ணம் ஏறத்தாழ 6.3 மில்லிலீற்றரிற் கவிழுமாறு செய்தால், ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர் மழையைக் குறிக்கும்.

சோதிக்கும் முறை வருமாறு: 314 மில்லிலீற்றர் நீரை அளந்து, அடியில் ஊசித்துளை இட்ட போத்தல் ஒன்றினால் மெதுவாகப் புனலில் விடுங்கள். இது 10 மில்லிமீற்றர் மழைக்குச் சமன். கருவி 50 என்று எண்ணுதல் வேண்டும். 46 என்று எண்ணினால் கருவியைக் குறை கூற வேண்டாம். ஒரு கவிழ்வுக்கு 0.2 என்பதற்குப் பதிலாக 0.22 மில்லிமீற்றர் என்று செய்நிரலில் மாற்றினாற் போதும். 100க்கு அண்மையாக எண்ணினால், ஆளி ஒரே கவிழ்வில் இருமுறை துடிக்கின்றது என்பது பொருள். ஓர் எண்ணிக்கைக்குப் பின் கால் விநாடி வரை வேறெதையும் எண்ணாதிருக்குமாறு செய்நிரலைத் திருத்துக.

கருவியை வைக்கும் இடத்திற்கும் விதி உண்டு. மரமோ வீடோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரத்திற்கு அப்பால் வைத்தல் நன்று. புனலின் வாய் மட்டமாக இருத்தல் வேண்டும். சருகும் எறும்பும் புகாதவாறு கம்பிவலை இடுக. மிகக் கடும் மழையில் கிண்ணம் கவிழும் நேரத்தில் வீழும் நீர் கணக்கிற் தவறுவதால், கருவி உண்மையிற் குறைத்தே காட்டும். ஆகையால் அதனருகே நேரான சுவருள்ள சாதாரண தகரப் பேணி ஒன்றையும் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் அளந்து ஒப்பிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் நாள் மழையை இந்நேரத்தோடு முடிவு செய்வதால், உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணோடு ஒப்பிடவும் முடியும்.

இதன் பயனை ஓர் உதாரணத்தாற் காண்போம். உங்கள் நீரிறைக்கும் இயந்திரம் 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்றை 40 விநாடியில் நிரப்புகின்றதெனில், அது நிமிடத்திற்கு 300 லீற்றர் இறைக்கின்றது. நேற்றிரவு 12 மில்லிமீற்றர் மழை வழிந்தோடாது ஊறியிருப்பின், ஓர் ஏக்கர் மிளகாய்த் தோட்டத்திற்கு 48,500 லீற்றருக்கு மேல் நீர் கிடைத்துள்ளது. அதனை இறைக்க இயந்திரம் 2 மணி 40 நிமிடங்களுக்கு மேல் ஓடியிருத்தல் வேண்டும். இதை அறியாதவர் மறுநாளும் வழக்கம்போல் இறைப்பர். எரிபொருளும் வீண், பசளையும் வேர்க்குக் கீழே கழுவுண்டு போகும்.

மூன்றாம் பாடம்: மண்ணின் ஈரத்தை அளத்தல்

மண் ஈர உணரிகளில் இருவகை உண்டு. இரு உலோக முட்களை மண்ணிற் குத்தி அவற்றினிடையே மின் ஓடுவதை அளப்பது ஒருவகை. இது மலிவானது, ஆயினும் மின் ஓட்டத்தால் முட்கள் சில வாரங்களிலேயே அரிபட்டுப் போகும். கொள்ளளவை அளக்கும் மற்றை வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. இதனையே வாங்குக. அதன் மேற்பகுதியிலுள்ள இலத்திரனியல் உறுப்புகளுக்கும் பலகையின் விளிம்புகளுக்கும் நகப்பூச்சோ வார்ணிசோ இருமுறை பூசி உலர விடுக. அன்றேல் ஈரம் புகுந்து கெடும்.

இவ்வுணரி தருவது தொடர்ந்து மாறும் மின்னழுத்தமாகும். றாஸ்பெரி பை அதனை நேரே வாசிக்க மாட்டாது. வேறொரு மாற்றி வேண்டும். ஆடுயினோ ஊனோவில் அதற்கென ஆறு முனைகள் உள்ளன. 0 முதல் 1023 வரையான எண்ணாக அது வாசிக்கும். ஆகவே தோட்ட வேலைக்கு ஆடுயினோ போன்ற பலகையே பொருத்தமானது.

அவ்வெண் ஈரத்தின் சதவீதம் அன்று என்பதைக் கவனிக்க. கிளிநொச்சியின் சில பகுதிகளிலுள்ள செம்மண்ணிலும், வவுனியாவின் செங்கபில மண்ணிலும், குளத்தின் கீழுள்ள களிமண்ணிலும் ஒரே எண் வெவ்வேறு பொருள் தரும். எனவே உங்கள் மண்ணிலேயே அளவுகோடிடல் வேண்டும். அம்முறை வருமாறு:

1. தோட்டத்தின் ஒரு மூலையில் நாலைந்து செடிகளைத் தெரிந்து, வெங்காயமாயின் 10 முதல் 15 சென்றிமீற்றர் ஆழத்திலும், மிளகாயாயின் 20 சென்றிமீற்றர் ஆழத்திலும் உணரியை இறுகப் புதையுங்கள். காற்று இடைவெளி இருத்தலாகாது.
2. நன்றாக நீர் பாய்ச்சி, மேலதிக நீர் வடிய ஒரு நாள் விடுங்கள். அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க.
3. அதன்பின் அச்செடிகளுக்கு மட்டும் நீர் விடாது, நாள்தோறும் காலையில் எண்ணைக் குறித்து, ஒரு பிடி மண்ணையும் கையிற் பிசைந்து பாருங்கள்.
4. முற்பகலிலேயே இலைகள் துவளத் தொடங்கும் நாளின் எண்ணையும் குறித்து, உடனே நீர் பாய்ச்சுக.

முதல் எண் 310, பின்னைய எண் 590 எனக் கொள்வோம். இவ்வகை உணரியில் ஈரம் குறையக் குறைய எண் கூடும். இரண்டிற்கும் நடுவிலுள்ள 450ஐ எட்டும்போது நீர் பாய்ச்சுதல் நன்று. வாடும் வரையும் காத்திருப்பவர் விளைச்சலை இழப்பார். வாடுமோ என்று அஞ்சி நாள்தோறும் இறைப்பவர் கிணற்று நீரை இழப்பார். ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கிணறு அடி தெரியும்போது, இவ்வொரு நடு எண் பல நாள் நீரை மிச்சப்படுத்தும்.

மின்வலு

மின் தடைப்படும் ஊர்களில் றாஸ்பெரி பைக்கு ஒரு தீங்கு நேரும். அதன் பதிவுகள் சிறு நினைவக அட்டையில் இருப்பதால், எழுதிக் கொண்டிருக்கும்போது மின் நின்றால் அட்டை பழுதாகலாம். எனவே முறைப்படி நிறுத்திய பின்னரே மின்னைத் துண்டிக்குக. வாரம் ஒருமுறை பதிவுகளுக்குப் பிரதி எடுக்குக.

தோட்டத்தில் 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை வைப்பதாயின், அதில் 84 வாற்று-மணி மின் உண்டு. 3 வாற்று உண்ணும் கணினியை அது 28 மணி நேரம் இயக்கும். ஆயினும் ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும்; ஆகவே 14 மணி என்றே கணக்கிடுக. அடைமழை நாட்களிற் சூரியத் தகடு போதிய மின் தராது. இதனாலும் தோட்டத்திற்கு நுண்கட்டுப்படுத்தியே உகந்தது. அது கால் வாற்று அளவே உண்ணும்.

கவனிக்க வேண்டியவை

1. இப்பாடங்கள் யாவும் 5 வோல்ற்றுக்கு உட்பட்டவை. 230 வோல்ற்று வீட்டு மின்னால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பிள்ளைகள் இப்பலகையோடு இணைத்தல் ஒருபோதும் ஆகாது. தகுதி பெற்ற மின்னியலாளரே அவ்வேலையைச் செய்தல் வேண்டும். கிணறு வற்றும்போது இயந்திரத்தை நிறுத்துவதே நோக்கமாயின், கணினி எதற்கு? மிதப்பு ஆளி ஒன்று போதும்.
2. யானைக்கோ பன்றிக்கோ வேலியில் வீட்டு மின்னைப் பாய்ச்சுதல் சட்டவிரோதம். மனித உயிரையும் அது குடிக்கும். அதனைக் கணினியால் இயக்கினாலும் குற்றம் குற்றமே.
3. உணரியைப் புதைக்கவும் கம்பம் நடவும் நிலத்தைத் தோண்ட வேண்டி வரும். கண்ணிவெடி அகற்றப்பட்டு, பயிர் செய்து வரும் நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். பற்றைக்காட்டின் ஓரத்திலோ அறியாத இடத்திலோ பிள்ளைகளைத் தோண்ட விடாதீர்கள். ஐயமான பொருள் எதனையும் தொடாது அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.
4. சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடி மின்னல் மிகுதி. நீண்ட கம்பிகள் மின்னலின் தாக்கத்தை வீட்டினுள் கொண்டு வரும். முழக்கம் கேட்குமுன்னரே, வானம் கறுக்கும்போதே கம்பியைக் கழற்றி விடுக.
5. றாஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ற்றையே தாங்கும். 5 வோல்ற்றை அவற்றிற்குக் கொடுத்தால் பலகை மீளாது.
6. வீட்டுக் கருவி வெள்ள எச்சரிக்கைக்கு உரியதன்று. மழை மிகுந்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலையே கேட்டு நடவுங்கள். அதன் தொலைபேசி எண் 117.

முடிவுரை

கருவி பழுதாகும், அட்டை கெடும், ஓரிரு ஆண்டில் இதனினும் சிறந்த பலகை சந்தைக்கு வரும். ஆனால் எழுதி வைத்த எண்கள் கெடா. ஆகையால் இன்றே ஒரு கொப்பியை எடுத்து, திகதி, மழை, மண் ஈரம், இறைத்த நேரம் என நான்கு நிரல்கள் கீறுங்கள். கணினி பதிந்தாலும் கையாலும் எழுதுங்கள். பலகை வாங்க இப்போது பணமில்லையெனின், தகரப் பேணியும் அடிமட்டமும் கொண்டு இவ்வாரமே தொடங்குங்கள். பலகை பிறகு வரட்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அமைந்துள்ளன. வவுனியாவில் 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகின்றது. இன்று மழைக் கிண்ணத்தின் கவிழ்வை எண்ணும் பிள்ளை, நாளை அங்கே சென்று கற்று, இக்குளங்களையும் வயல்களையும் காக்கும் அறிவைப் பெறலாம். அதற்குப் பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதன்று; மேசையின் ஒரு மூலையையும், தோட்டத்தில் ஒரு முழ இடத்தையும், மாலையில் "இன்று எவ்வளவு?" என்ற ஒரு கேள்வியையும் கொடுத்தாற் போதும்.

பயிர் பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி மூலமோ கேட்டறியலாம். செல்லும்போது அக்கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். மழையும் இறைப்பும் எண்களாகக் கண்முன் இருக்கும்போது, உங்கள் நிலத்திற்கேற்ற ஆலோசனையைக் கூறுவது அவருக்கு எளிதாகும்.